நிலநடுக்கச் செய்தியில் வரும் சொற்கள்: தில்லியில் வாழ்வோருக்கு ஓர் எளிய விளக்கம்

2025 பிப்ரவரி 17 அதிகாலை 5.36 மணிக்குத் தில்லி அதிர்ந்தது. பலரும் முதலில் கேட்டது பூமிக்கடியிலிருந்து எழுந்த ஓர் உறுமலை. அடுத்த கணமே கட்டிலும் ஜன்னல் கண்ணாடியும் சமையலறைப் பாத்திரங்களும் கிடுகிடுத்தன. சற்று நேரத்தில் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் அறிவிப்பு வந்தது: அளவு 4.0, நேரம் 05:36:55, அட்சரேகை 28.59 வடக்கு, தீர்க்கரேகை 77.16 கிழக்கு, ஆழம் 5 கி.மீ., இடம் புதுதில்லி. கரோல்பாக்கிலும் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் "எத்தனை ரிக்டர்?" என்ற கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது. "நாலுதானா? அதற்கா இவ்வளவு ஆட்டம்?" என்ற வியப்பு அதைத் தொடர்ந்தது.

அந்த வியப்பு நியாயமானதே. அதற்கான விடை அறிவிப்பின் மற்ற எண்களில், குறிப்பாக ஆழம் என்ற எண்ணில் இருந்தது. நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசும் சொற்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அவை இரண்டு வகையாகப் பிரிகின்றன. நிலத்துக்கு அடியில் என்ன நடந்தது என்பதைச் சொல்பவை ஒரு வகை. நாம் நிற்கும் இடத்துக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதைச் சொல்பவை மற்றொரு வகை. இவ்விரண்டையும் கலந்துவிடாமல் வைத்துக்கொண்டால் பாடநூலில் வரும் சொற்களும் செய்தித்தாளில் வரும் எண்களும் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

அடியில் நடப்பது

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. அது பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அத்தட்டுகள் மிக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் வடகிழக்கு நோக்கி நகர்கிறது. அந்த நகர்வில் சுமார் 2 சென்டிமீட்டர் இமயமலையின் அடியில் இறுக்கமாகச் சேர்கிறது. பாறைகள் எங்கே உடைந்து ஒன்றையொட்டி ஒன்று நகரக்கூடியவையாக இருக்கின்றனவோ, அந்த உடைப்புத் தளத்தைப் பிளவு என்கிறோம். பிளவின் இரு பக்கங்களும் உராய்வினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் தள்ளும் விசை நிற்பதில்லை. ஆகவே பல பத்தாண்டுகள், சில இடங்களில் பல நூற்றாண்டுகள், பாறை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து அந்த விசையைத் தன்னுள் சேர்த்துவைக்கிறது. ஒருநாள் பிடிப்பு விட்டுப்போகிறது. சில விநாடிகளில் பாறை தன் இயல்பான நிலைக்குத் திரும்பப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் வெளிப்படும் அதிர்வே நிலநடுக்கம்.

இதற்கு மீள்விசைக் கோட்பாடு என்று பெயர். 1906 இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட் இதனை 1910 இல் வகுத்துரைத்தார். பிளவுக்குக் குறுக்கே நேராகப் போடப்பட்டிருந்த வேலிகள், நிலநடுக்கத்துக்குப் பின் அறுபட்டு, ஒரு பாதி பல அடி தள்ளி நின்றதை அன்று எவரும் கண்ணால் பார்க்க முடிந்தது. நிலநடுக்கம் பிளவை உண்டாக்குகிறது என்று அதற்கு முன் எண்ணியவர்கள் பலர். பெரும்பாலும் உண்மை அதற்கு மாறானது: ஏற்கெனவே இருக்கும் பிளவு நகர்வதுதான் நிலநடுக்கம்.

பாறை முதன்முதலில் வழுக்கத் தொடங்கும் இடம் குவியம்; பள்ளிப் பிள்ளைகள் ஃபோகஸ் என்றும் ஹைப்போசென்டர் என்றும் படிப்பது இதைத்தான். குவியத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள இடம் மேல்மையம், அதாவது எபிசென்டர். அறிவிப்பில் வரும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மேல்மையத்தைக் காட்டுகின்றன. அன்று அது தௌலா குவான் அருகே அமைந்தது. ஆழம் என்ற எண் மேல்மையத்திலிருந்து குவியம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 70 கி.மீ. வரை உள்ளவற்றை ஆழம் குறைந்தவை என்றும், 70 முதல் 300 கி.மீ. வரை உள்ளவற்றை இடைநிலை என்றும், அதற்கும் கீழே சுமார் 700 கி.மீ. வரை நிகழ்பவற்றை ஆழமானவை என்றும் பிரிக்கிறார்கள்.

இந்த ஆழம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை நம் வடமேற்கில் நிகழ்ந்த இரண்டு நிலநடுக்கங்கள் காட்டுகின்றன. 2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீரை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.6, குவியம் ஆழம் குறைந்தது, உயிரிழந்தோர் எழுபதாயிரத்துக்கும் அதிகம். 2015 அக்டோபர் 26 அன்று இந்துகுஷ் மலைப்பகுதியில் நிகழ்ந்ததன் அளவு 7.5; ஆனால் குவியம் சுமார் 200 கி.மீ. ஆழத்தில் இருந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து தில்லி வரை கோடிக்கணக்கானோர் அதை உணர்ந்தனர். உயிரிழப்பு சில நூறுகளில் நின்றது. ஆழத்திலிருந்து வரும் அலை பரந்த நிலப்பரப்பை அடைகிறது, ஆனால் மேலே வருவதற்குள் நீண்ட தூரம் கடந்து தணிந்துவிடுகிறது. காஷ்மீரின் மலைச்சரிவுகளும் உறுதியற்ற கட்டடங்களும் இழப்பைப் பெருக்கின என்பதும் உண்மையே; என்றாலும் ஆழத்தின் பங்கை மறுக்க முடியாது. பிப்ரவரி 17 அன்று நமக்கும் குவியத்துக்கும் இடையே 5 கிலோமீட்டர்தான் இருந்தது.

வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டப்படும் மேல்மையம் வாசகரை ஒரு விதத்தில் திசைதிருப்பவும் கூடும். குவியம் என்பது வழுக்கலின் தொடக்கம் மட்டுமே; பெரிய நிலநடுக்கங்களில் அந்த வழுக்கல் பிளவின் வழியே வெகுதூரம் ஓடும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் தொடங்கிய 7.8 அளவு நிலநடுக்கம் கிழக்கு நோக்கிச் சுமார் 150 கி.மீ. ஓடியது. மேல்மையத்திலிருந்து தள்ளியிருந்த காத்மாண்டு அவ்வளவு பெரிய சேதத்துக்கு உள்ளானதற்கு இதுவும் ஒரு காரணம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் வடமேற்குக் கடற்கரைக்கு அப்பால் தொடங்கிய வழுக்கலோ அந்தமான் தீவுகள் வரை 1,200 கி.மீட்டருக்கும் மேல் நீண்டது. அந்த நீண்ட கோட்டில் கடற்படுகை மேலெழுந்ததால்தான் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சென்னையையும் தாக்கியது. அந்த நாளை நினைவில் வைத்திருக்கும் தமிழருக்கு, நிலநடுக்கத்தை ஒரு புள்ளியாக எண்ணக்கூடாது என்பதை விளக்க வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

தட்டின் விளிம்பில்தான் நிலநடுக்கம் வரும் என்பதும் முழு உண்மையன்று. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவில் நிகழ்ந்தது, தட்டின் நடுப்பகுதியில் தக்காணப் பாறையில் நிகழ்ந்தது. இவற்றைத் தட்டுள் நிலநடுக்கங்கள் என்பர்.

அலைகள்

குவியத்திலிருந்து கிளம்பும் அதிர்வு இரண்டு வகை அலைகளாகப் பூமிக்குள் பயணிக்கிறது. முதன்மை அலை, அதாவது பி அலை, தான் செல்லும் திசையிலேயே பாறையை நெருக்கியும் விலக்கியும் செல்கிறது. மேலோட்டில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. இரண்டாம் நிலை அலையாகிய எஸ் அலை பாறையைக் குறுக்காக அசைக்கிறது. வேகம் சுமார் 3.5 கி.மீ. பி அலை திடப்பொருள், நீர்மம், வாயு மூன்றையும் கடக்கும். எஸ் அலை நீர்மத்தைக் கடக்காது. இவை தரையை எட்டியபின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் மேற்பரப்பு அலைகள் உருவாகின்றன. கணக்கினால் அவற்றைக் கண்டறிந்த ரேலி, லவ் என்னும் இருவரின் பெயர்களையே அவை தாங்குகின்றன.

அன்று காலை கேட்ட உறுமலுக்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. பி அலையின் இயல்பு ஒலியின் இயல்பே. குவியம் மிக அருகில் இருந்தால் அதன் விரைவான அதிர்வுகள் தணியாமல் தரைக்கு வந்து, தரையிலிருந்து காற்றுக்கு மாறி, காதில் விழும் ஒலியாகின்றன. நேபாளத்திலோ இந்துகுஷ்ஷிலோ நிகழ்ந்தவற்றைத் தில்லியில் உணர்ந்தவர்கள் அத்தகைய உறுமலைக் கேட்காததற்குத் தொலைவே காரணம்.

மேல்மையத்தைக் கண்டுபிடிப்பதும் இந்த இரு அலைகளின் வேக வேறுபாட்டால்தான். ஒரு நிலையத்தின் நிலநடுக்கமானியில் பி அலை வந்ததற்கும் எஸ் அலை வந்ததற்கும் இடையே உள்ள விநாடிகளை எண்ணி, அதைச் சுமார் 8 ஆல் பெருக்கினால் அந்த நிலையத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் உள்ள தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். இடைவெளி 10 விநாடி என்றால் தொலைவு ஏறத்தாழ 80 கி.மீ. திசை மட்டும் தெரியாது. ஆகவே அந்தத் தொலைவை ஆரமாகக் கொண்டு வட்டம் வரைகிறோம். மூன்று நிலையங்களிலிருந்து வரையப்படும் மூன்று வட்டங்களும் சந்திக்கும் இடமே மேல்மையம். இன்று கணினி இதைப் பல நிலையங்களின் பதிவுகளை வைத்து நொடிகளில் செய்துமுடிக்கிறது, அடிப்படை மாறவில்லை. இந்த அலைகளைப் பதிவுகளில் தனித்தனியே பிரித்துக் காட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்ட்ஹாம். 1897 ஆம் ஆண்டு அசாம் பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்ததே அவரை அதற்கு இட்டுச்சென்றது என்பது நாம் பெருமையோடு நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

அளவும் தாக்கமும்

இனி அந்த "எத்தனை ரிக்டர்" கேள்விக்கு வருவோம். 1935 இல் சார்லஸ் ரிக்டர், பெனோ குட்டன்பர்க்கின் துணையோடு, தென் கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களை ஒப்பிடுவதற்காக ஓர் அளவுகோலை அமைத்தார். குறிப்பிட்ட வகை நிலநடுக்கமானி ஒன்று 100 கி.மீ. தொலைவில் ஒரு மில்லிமீட்டர் அலைவைப் பதிவு செய்தால் அந்த நிலநடுக்கத்தின் அளவு 3 என்று கொள்ளப்பட்டது. அலைவு பத்து மடங்கானால் அளவு ஒன்று கூடும். வெளிப்படும் ஆற்றலோ ஒவ்வோர் அளவுக்கும் சுமார் 32 மடங்கு கூடுகிறது. இரண்டு அளவு கூடினால் ஆயிரம் மடங்கு. இந்தக் கணக்கின்படி 2015 நேபாள நிலநடுக்கத்தின் ஆற்றல் தில்லியின் 4.0 நிலநடுக்கத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு. பத்துக்கு நான்கு மதிப்பெண், பத்துக்கு எட்டு மதிப்பெண் என்பதுபோல் இவ்வெண்களை வாசிப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இந்த அளவுகோலில் பத்து என்பது முழு மதிப்பெண் அன்று, அளவுகோலுக்கு மேல் எல்லையே வகுக்கப்படவில்லை. கருவிகளால் பதிவானவற்றில் மிகப் பெரியது 1960 இல் சிலியில் நிகழ்ந்த 9.5.

ரிக்டரின் அளவுகோல் மிகப் பெரிய நிலநடுக்கங்களைச் சரியாகப் பிரித்துக்காட்டவில்லை. எனவே 1979 இல் ஹாங்க்ஸ், கனமோரி என்ற இருவர் திருப்புத்திறன் அளவை முன்வைத்தனர். வழுக்கிய பிளவுத்தளத்தின் பரப்பு, அது நகர்ந்த தொலைவு, பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி அது கணக்கிடப்படுகிறது. பெரிய நிலநடுக்கங்களுக்கு இன்று உலகெங்கும் தரப்படுவது இந்த அளவே. செய்திகள் மட்டும் பழக்கத்தால் ரிக்டர் என்றே எழுதுகின்றன. ஒரே நிலநடுக்கத்துக்கு இரண்டு நிறுவனங்கள் 6.5 என்றும் 6.6 என்றும் தருவது உண்டு. முதலில் வந்த எண் பிறகு திருத்தப்படுவதும் உண்டு. வெவ்வேறு நிலையங்களின் பதிவுகளைக்கொண்டு கணக்கிடும்போது இது இயல்பே. எதையோ மறைக்கிறார்கள் என்று ஐயுறத் தேவையில்லை.

அளவு ஒரு நிலநடுக்கத்துக்கு ஒன்றுதான். தாக்கம் அப்படியன்று, அது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். இத்தாலியரான மெர்கல்லியின் பெயரால் வழங்கும் அளவுகோல், பின்னாளில் திருத்தப்பட்டு, I முதல் XII வரை ரோமானிய எண்களில் தாக்கத்தைக் குறிக்கிறது. கருவி மட்டுமே உணர்ந்தால் I. தூங்குவோர் பலர் விழித்துக்கொண்டால் V. எல்லாம் தரைமட்டமானால் XII. சமமான தாக்கம் உள்ள இடங்களை இணைத்து வரையும் கோடு சமநடுக்கக் கோடு. தாக்கத்தைக் கணிக்கக் கருவி வேண்டியதில்லை என்பதால், கருவிகள் தோன்றுவதற்கு முந்தைய நிலநடுக்கங்களையும் அதைக்கொண்டு மதிப்பிடலாம். 1803 இல் இமயமலைப் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் குதுப் மினாரின் உச்சிக் குவிமாடம் விழுந்தது. அதற்குப் பதிலாக ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் அமைத்த மண்டபம் 1848 இல் கீழே இறக்கப்பட்டு, இன்றும் அவ்வளாகத்தின் புல்வெளியில் நிற்கிறது. மினாரைப் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் அதைக் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். இமயத்தில் நிகழ்ந்தது தில்லியில் என்ன செய்யும் என்பதற்கான பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று.

தாக்கத்தைத் தீர்மானிப்பவை அளவு, தொலைவு, ஆழம் ஆகியவற்றோடு முடிவதில்லை. காலடியில் உள்ள மண் பெரும்பங்கு வகிக்கிறது. ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் நிற்கும் குன்றுப் பகுதியையும் யமுனைக்கு அப்பால் மயூர் விஹாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது ஆரவல்லித் தொடரின் நீட்சியான தில்லி ரிட்ஜை ஒட்டிய பாறைப்பாங்கான நிலம். பின்னது ஆறு கொண்டுவந்து குவித்த ஆழமான வண்டல். பாறையில் விரைந்து செல்லும் அலை இளகிய வண்டலுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. வேகம் குறையும்போது அலைவின் உயரம் கூடுகிறது. இதனை அதிர்வுப் பெருக்கம் என்பர். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் சிதைந்தபோது அதன் மேல்மையம் 350 கி.மீட்டருக்கும் அப்பால் பசிபிக் கரையில் இருந்தது. பழைய ஏரிப்படுகையின் மேல் கட்டப்பட்ட பகுதிகளே பெரும் சேதம் கண்டன, அருகிலிருந்த பாறைப்பகுதி பெரிதும் தப்பியது.

வண்டலில் நிலத்தடி நீர் மேலாக இருந்தால் மற்றோர் ஆபத்தும் சேர்கிறது. நீர் நிறைந்த தளர்ந்த மணல் தொடர்ந்து குலுக்கப்படும்போது மணற்துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை இழக்கின்றன. பாரத்தை நீர் ஏற்கிறது. நிலம் சில விநாடிகளுக்குக் குழம்பைப்போல் ஆகிவிடுகிறது. இது மண் நீர்மமாதல். 1934 பிகார்–நேபாள நிலநடுக்கத்தில் வடபிகாரின் பரந்த சமவெளி இவ்வாறு சரிந்தது. யமுனைக் கரையை ஒட்டிய பகுதிகளில் அடித்தளம் அமைப்போர் இதைக் கணக்கில் கொண்டாக வேண்டும்.

கட்டடத்தின் உயரம் அடுத்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென ஓர் அலைவு நேரம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம், உண்டு; தோராயமாக ஒரு மாடிக்கு 0.1 விநாடி என்று கொள்ளலாம். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போவதைப்போல, தரையின் அலைவும் கட்டடத்தின் அலைவும் ஒத்துப்போனால் கட்டடத்தின் ஆட்டம் பெருகும். இதுவே ஒத்ததிர்வு. தொலைவிலிருந்து வரும் நிலநடுக்கத்தில் விரைவான அதிர்வுகள் வழியிலேயே தணிந்து, மெதுவான நீண்ட அலைகளே தில்லிக்கு வந்து சேர்கின்றன. அவை உயர்ந்த கட்டடங்களோடு ஒத்துப்போகின்றன. அதனால்தான் நேபாளத்தில் நிகழும்போது பத்தாவது மாடியில் நிறுத்திய மின்விசிறி ஊசலாடி, வாளித்தண்ணீர் அலைமோதி, தலைசுற்றல் வந்ததோ என்று எண்ணும்படி ஆகிறது. கீழே வாயிற்காவலரோ ஒன்றும் தெரியவில்லை என்கிறார். பிப்ரவரி 17 அன்று நிலைமை வேறு. அருகில் பிறந்த விரைவான அதிர்வு, தரைத்தள வீடுகளையும் சிறிய வீடுகளையும் சில விநாடிகள் வெட்டி உலுக்கிவிட்டு நின்றது.

வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்கள் மட்டும் நிற்கும் அமைப்பு தில்லியின் காலனிகளில் எங்கும் காணப்படுகிறது. பொறியாளர்கள் இதனை மென்தளம் என்கிறார்கள். மேல்தளங்கள் சுவர்களால் விறைப்பாக இருக்க, அசைவு முழுவதையும் அந்தத் தூண்களே ஏற்க நேர்கிறது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் அருகே 7.7 அளவில் நிகழ்ந்தபோது, 200 கி.மீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளுள் இவ்வகைக் கட்டடங்கள் பல. தூண்களுக்குப் போதிய கம்பியும் இடையே சில சுவர்களும் கொடுத்து இதனைச் சரிசெய்ய வழி உண்டு. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் வாகன நிறுத்தம் பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்னும் பின்னும்

2025 பிப்ரவரி 17 அன்றே காலை 8.02 மணிக்குப் பிகாரின் சீவானில் 4.0 அளவில் மற்றொரு நிலநடுக்கம் பதிவானது. உடனே அது தில்லியின் பின்னதிர்வு என்ற பேச்சு பரவியது. பின்னதிர்வு என்பது முதன்மை அதிர்வு நிகழ்ந்த பிளவிலோ அதன் சுற்றுப்புறத்திலோ, பாறை புதிய நிலைக்குப் பழகும்போது நிகழ்வது. 700 கி.மீட்டருக்கும் அப்பால் உள்ள சீவானை 4.0 அளவுள்ள ஒன்றின் பின்னதிர்வாகக் கொள்ள இயலாது. உண்மையான பின்னதிர்வுக்கு நேபாளமே சான்று: ஏப்ரல் 25 இன் 7.8 ஐத் தொடர்ந்து மே 12 அன்று 7.3 அளவில் ஒன்று வந்தது. முன்னதிர்வு என்ற சொல்லைப் பொறுத்தவரை, அதைவிடப் பெரியது அதே இடத்தில் வந்த பிறகுதான் முந்தையதை அப்படி அழைக்க முடியும். நிகழும்போதே ஒன்றை முன்னதிர்வு என்று அடையாளம் காண வழியில்லை. "இது டிரெய்லர்தான்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கு ஆதாரமில்லை என்பதற்கு இதுவே காரணம்.

நிலநடுக்க மண்டலம் என்பதும் பலரால் முன்னறிவிப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 1893 விதித்தொகுப்பு 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நாட்டை II முதல் V வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. அதில் பெங்களூரு II, சென்னையும் மும்பையும் III, தில்லி IV, பூஜும் குவாஹாட்டியும் V. ஓர் இடத்தில் கட்டப்படும் கட்டடம் எவ்வளவு தாக்கத்தைத் தாங்க வேண்டும் என்று பொறியாளருக்குச் சொல்வதே அதன் பணி. எப்போது வரும் என்று அது சொல்வதில்லை. நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் எங்கும் இல்லை.

முன்னெச்சரிக்கை அமைப்பு என்பது இதிலிருந்து வேறானது. அது நிகழ்ந்துவிட்ட நிலநடுக்கத்தைப் பற்றி, அழிவை உண்டாக்கும் அலை வந்துசேர்வதற்கு முன் சொல்வது. குவியத்தின் அருகே உள்ள கருவி பி அலையைப் பிடித்ததும் செய்தி மின்காந்த அலையாக ஒளியின் வேகத்தில் பறக்கிறது. எஸ் அலை 3.5 கி.மீ. வேகத்தில் பின்னால் வருகிறது. உத்தராகண்டின் சமோலி தில்லியிலிருந்து சுமார் 280 கி.மீ. தொலைவில் உள்ளது; 1999 மார்ச்சில் அங்கு 6.6 அளவில் நிகழ்ந்தது தில்லியிலும் வலுவாக உணரப்பட்டது. அந்தத் தொலைவைக் கடக்க எஸ் அலைக்கு ஏறத்தாழ 80 விநாடிகள் ஆகும். கருவிகள் கண்டறிந்து கணக்கிடச் சில விநாடிகள் போக, அடுப்பை அணைக்கவும் மின்தூக்கி அடுத்த தளத்தில் நிற்கவும் மெட்ரோ ரயில் வேகம் குறைக்கவும் ஒரு நிமிடமளவு எஞ்சும். தௌலா குவானில் 5 கி.மீ. ஆழத்தில் பிறப்பதற்கு அந்த வசதி கிடையாது. அங்கே பி அலைக்கும் எஸ் அலைக்கும் இடையே ஒரு விநாடிகூட இல்லை.